படம் வரைந்தால் போதுமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"மனித இதயத்தின் அமைப்பைப் படத்துடன் விளக்குக" என்று அரையாண்டுத் தேர்வில் ஒரு வினா வந்தது. நான்கு அறைகளையும் வரைந்து, பாகங்களைக் குறித்து, நிமிடத்திற்குச் சுமார் 72 முறை இதயம் துடிக்கிறது என்றும் எழுதி முழு மதிப்பெண் பெற்றேன். ஆசிரியை என் விடைத்தாளை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார்கள். அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

காணும் பொங்கலன்று குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றோம். கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, மணலில் அமர்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்போது கூக்குரல் கேட்டது. அலையில் சிக்கிய ஒரு சிறுவனை மீனவர் இருவர் இழுத்து வந்து கரையில் கிடத்தினார்கள். பத்து வயதுக்கு மேல் இராது. நொடியில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அவன் வயிற்றை அழுத்தினார். ஒருவர் தலைகீழாகத் தூக்கிச் சுற்றச் சொன்னார். வேறொருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். "யாராவது ஏதாவது பண்ணுங்களேன்!" என்று அவன் தாய் கதறினார். நான் முதல் வரிசையில்தான் நின்றேன். இதயத்தின் நான்கு அறைகளும் எனக்குத் தெரியும். ஆனால் என் இரு கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் பிழைத்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று அந்த ஏட்டுச் சுரைக்காய் நானாகவே இருந்தேன். ஆகவேதான் இதை எழுதுகிறேன். சி.பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இதய நுரையீரல் மீட்பு முறையை, பத்தாம் வகுப்பை விட்டுச் செல்லும் ஒவ்வொரு மாணவியும் கையால் செய்து பழகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் மிக எளியது. இதயம் நின்றால் மூளைக்கு உயிர்வளி போவதும் நின்றுவிடும். நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதடையத் தொடங்கும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அது எத்தனையோ பேருக்கு உயிர் கொடுத்திருக்கிறது. ஆனாலும் எவ்வளவு வேகமாக வந்தாலும், முதல் ஐந்து நிமிடம் பக்கத்தில் நிற்பவருடையதே. இது யாருடைய குற்றமும் அன்று; தூரத்தின் கணக்கு.

பிப்ரவரியில், எங்கள் ஜூனியர் ரெட் கிராஸ் கூட்டத்திற்கு நம் பள்ளியில் படித்த செவிலியர் அக்கா ஒருவர் பயிற்சிப் பொம்மையுடன் வந்தார்கள். அவர்கள் கற்றுத் தந்ததை இங்கே சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில் இடம் நமக்குப் பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும். நீந்தத் தெரியாதவர் கடலில் குதித்தால் இருவரை மீட்க வேண்டியதாகிவிடும். கிடப்பவரின் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். அசைவும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் உடனே 108-ஐ அழைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். மூச்சைப் பார்க்கப் பத்து விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. விட்டுவிட்டு வரும் திணறல் மூச்சாகாது.

பெரியவரானால், கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப் பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கையை மடக்காமல், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும் அழுத்த வேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலே எழும்ப விட வேண்டும். 30 அழுத்தத்திற்குப் பின், தலையைச் சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு. திடீரென மாரடைத்து விழுந்த பெரியவருக்கு, மூச்சுக் கொடுக்கத் தெரியாவிட்டால் அழுத்தினாலே போதும். நீரில் மூழ்கியவருக்கோ உயிர்வளிதான் முதல் தேவை. ஆகவே மூச்சுக் கொடுத்துத் தொடங்க வேண்டும். வயிற்றை அழுத்தவே கூடாது. உள்ளிருப்பது மேலே வந்து மூச்சுக் குழலை அடைத்துவிடும். அன்று கரையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முறை வேறு. தோளுக்குப் பதில் உள்ளங்காலைத் தட்ட வேண்டும். தலையை அதிகம் சாய்க்காமல் நேராக வைத்து, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் அளவு காற்றை மட்டும் மெல்ல ஊத வேண்டும். இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரு கட்டைவிரல்களால், மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் நான்கு சென்டிமீட்டர் அழுத்த வேண்டும். தனியாக இருந்தால் இங்கும் முப்பதுக்கு இரண்டு. வீட்டில் தம்பி தங்கையைத் தூக்கி வளர்க்கும் நம் போன்றோருக்கு இதைவிட அவசியமான பாடம் வேறு உண்டா?

படிக்கும்போது எளிதாகத் தோன்றும். பொம்மையின்மேல் இரண்டே நிமிடம் அழுத்தியதும் என் தோள் கடுத்துவிட்டது. அதனால்தான் இரண்டு நிமிடத்திற்கொரு முறை ஆள் மாற வேண்டும் என்கிறார்கள். படித்தால் மட்டும் போதாது என்று நான் சொல்வதும் இதனால்தான். ஆனால் உயிருள்ள தோழியின் மார்பில் ஒருபோதும் பழகிப் பார்க்காதீர்கள். பொம்மையோ தலையணையோ போதும்.

அந்தப் பொம்மைக்கும் ஒரு கதை உண்டு. நார்வே நாட்டுப் பொம்மை வியாபாரி ஆஸ்முண்ட் லேர்டால் 1960-இல் அதைச் செய்தார். அதற்கு அவர் வைத்த முகம், பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம். அவளைக் காப்பாற்ற யாரும் இல்லை. இன்று அவள் முகத்தில் பழகியவர்கள் உலகெங்கும் பிறரைக் காப்பாற்றுகிறார்கள். 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பள்ளிகளில் இதைக் கற்பிக்கலாம் என்ற திட்டத்திற்கு உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் ஆதரவு தந்தது.

"பொதுத்தேர்வு ஆண்டில் இதற்கு நேரம் ஏது?" என்று பெற்றோர் கேட்கலாம். ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் என்பது ஒரு சினிமாவை விடக் குறைவு. "விலா எலும்பு முறிந்துவிட்டால்?" முறியலாம், எலும்பு கூடிவிடும், உயிர் திரும்ப வராது. "போலீஸ், வழக்கு என்று அலைய வேண்டுமே!" ஜி.எஸ்.டி. சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஓடும் நம் மாவட்டத்தில் இந்த அச்சம் இயல்பே. ஆனால் சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோரைத் தொல்லை செய்யலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் விதிமுறைகளுக்கு ஒப்புதல் தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. அப்படி உதவுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட பெயர்தான்: நல்ல சமாரியர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். "வயதுப் பெண் அந்நிய ஆணின் மார்பில் கை வைப்பதா?" என்று என் பாட்டியே கேட்டார்கள். "பாட்டி, தாத்தா கோயில் வாசலில் விழுந்து கிடந்து, பக்கத்தில் ஒரு பெண் மட்டும் நின்றால், அவள் வெட்கப்பட்டு ஒதுங்கட்டுமா?" என்றேன். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் சொல்லிக்கொடு" என்றார்கள். தலையணையை எடுத்து வந்தேன்.

அருட்சகோதரிகளுக்கு என் பணிவான வேண்டுகோள்: பொதுத்தேர்வுக்கு முன் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். பெற்றோர் தினத்தன்று அம்மாக்களுக்கும் குழந்தைக்கான முறையைக் காட்டுங்கள். தோழியரே, இதயத்தின் படத்தை நன்றாகவே வரையுங்கள், மதிப்பெண்ணும் வேண்டும். ஆனால் அடுத்த காணும் பொங்கலன்றும் ஒரு தாய் கதறலாம். அப்போது முதல் வரிசையில் நிற்பவள், கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல் மண்டியிட்டு அமர வேண்டும்.