ஓரமா போப்பா... ஓரம் எங்கப்பா இருக்கு?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. போன வாரம் நடந்த ஒரு சின்ன சம்பவம் தூசு தட்டி எடுக்க வச்சிடுச்சு. கொஞ்சம் நீளம்தான். பொறுமை இல்லாதவங்க கடைசி நாலஞ்சு பத்தியை மட்டும் படிச்சிட்டு ஓடிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

போன வாரம் சாயங்காலம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரமா டீ குடிச்சிட்டு நிக்கிறேன். ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பையன் சைக்கிள்ல வர்றான். பின்னாடி நடந்து வந்த அவங்க அம்மா "ஓரமா போப்பா, லாரி வருது பாரு"ன்னு கத்துறாங்க. பையன் சொன்ன பேச்சு கேக்கறவன். நல்லா இடது ஓரத்துக்கு ஒதுங்கினான். அப்ப பார்த்து பக்கத்துல வந்த கன்டெய்னர் டிரெய்லர் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு ஊருக்குள்ள போற ரோட்டுல திரும்ப ஆரம்பிச்சது. டீக்கடைக்காரர் "டேய் நில்லுடா"ன்னு போட்ட சத்தத்துல பையன் பிரேக் அடிச்சிட்டான். டிரெய்லரோட பின்சக்கரம் அவன் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, ரோட்டு விளிம்பை உரசிட்டுப் போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அம்மா முதுகுல ரெண்டு வச்சாங்க. அவ்வளவுதான். எல்லாரும் டீயைத் தொடர்ந்தோம்.

எனக்கு மட்டும் டீ இறங்கல. ஏன்னா இதே காட்சி 2010ல எங்க வீட்டுல நடந்தது. அந்தத் தடவை கத்துறதுக்கு யாரும் இல்ல.

அப்பா அப்ப திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. சைக்கிள்தான். காலைல ஆறு மணி ஷிஃப்டுக்குப் போறப்ப, இடது பக்கம் திரும்பின ஒரு டிரெய்லருக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டார். உயிர் தப்பிச்சது. இடது பாதம் தப்பிக்கல, ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரில பார்க்க வந்தவங்க எல்லாரும், சொந்தக்காரங்க, கூட வேலை செய்றவங்க, விசாரிக்க வந்தவங்க உட்பட, ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஏண்ணே, ஓரமா போயிருக்கக் கூடாதா?" அப்பா திரும்பத் திரும்ப "ஓரமாத்தான்யா போனேன்"னு சொன்னது எனக்கு இன்னும் காதுல கேக்குது. யாரும் நம்பல. உண்மையைச் சொன்னா, ஏழாங்கிளாஸ் படிச்சிட்டிருந்த நானும் நம்பல.

அப்பா சொன்னது நூத்துக்கு நூறு நிஜம்னு புரிய எனக்கு இன்ஜினியரிங் காலேஜ் வரைக்கும் போக வேண்டியிருந்தது. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி, வெளியூர்ப் பதிவர்களுக்காக எங்க ஊர் ரோட்டைப் பத்தி ஒரு சின்ன டூர்.

காலடிப்பேட்டைங்கற பேருக்கும் காலடிக்கும் சம்பந்தம் இல்ல. 1717லேர்ந்து 1720 வரைக்கும் சென்னப்பட்டணத்துக்கு கவர்னரா இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்தின ஊரு இது. காலட் பேட்டை நம்ம வாய்ல புரண்டு காலடிப்பேட்டை ஆயிடுச்சு. இங்க இருக்கற கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அவர் காலத்ததுன்னு சொல்வாங்க. அவர்கிட்ட வேலை பார்த்த ஒருத்தர் பெருமாளைப் பார்க்க தினமும் காஞ்சிபுரம் போயிட்டு வந்தாராம். அந்த பக்தியைப் பார்த்து வெள்ளைக்காரர் இங்கயே கோயில் கட்டக் குடுத்தாராம். கதை எவ்வளவு நிஜமோ தெரியாது, ஆனா ஆபீஸுக்கு தினமும் ஓ.எம்.ஆர் வரைக்கும் போயிட்டு வர்ற எனக்கு அந்த மனுஷன் மேல ஒரு தனி பாசம் உண்டு :-)

ஊரோட அமைப்பு ரொம்ப சிம்பிள். மேற்குல கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. கிழக்குல கடல். நடுவுல தெற்கு வடக்கா ரெண்டு ரோடு. ஒண்ணு திருவொற்றியூர் நெடுஞ்சாலை. டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர்னு போற பழைய ரோடு. கோயிலுக்கு வந்தவங்களும், அப்புறம் தீப்பெட்டி, மோட்டார் சைக்கிள், டயர்னு வந்த ஃபேக்டரிகளோட ஷிஃப்ட் கூட்டமும் நடந்த ரோடு. இப்ப அதுக்கு மேல மெட்ரோ ஓடுது. 2021 பிப்ரவரி 14ல வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் பாதை திறந்தப்ப எங்க காலடிப்பேட்டைக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைச்சது. ரெண்டாவது ரோடு கடலை ஒட்டிப் போற எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை. காசிமேடு பக்கத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும், துறைமுகத்து லாரிகளோட ராஜபாட்டை. அங்கேர்ந்து மணலிப் பக்கம் திரும்பினா திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி சாலையைப் பிடிக்கலாம். மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியா போய் பஞ்செட்டில கல்கத்தா நெடுஞ்சாலைல சேரும் அந்த மாநில நெடுஞ்சாலை.

இந்த ரோடுங்களோட தலையெழுத்தை எழுதினது துறைமுகம். செயற்கைத் துறைமுகம் கட்டினதுலேர்ந்து தெற்கே மெரினால மணல் சேர்ந்துச்சு, வடக்கே எங்க கரையைக் கடல் தின்னுச்சு. மெரினால காத்து வாங்கறவங்க அந்த மணல்ல ஒரு பிடி எங்களுதுன்னு நினைச்சுக்கங்க. அப்புறம் 1983ல சென்னைத் துறைமுகத்துல கன்டெய்னர் முனையம் வந்துச்சு. 2001ல எண்ணூர்த் துறைமுகம் வந்துச்சு. 2011ல கோர்ட் உத்தரவுப்படி நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போனப்ப ராயபுரம் மக்கள் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. கன்டெய்னர் மட்டும் போகல.

ரோட்டை அகலப்படுத்தணும்னு பேச ஆரம்பிச்சது 1990களோட கடைசில. எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம்னு பேரு. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநில அரசு, ரெண்டு துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கம்பெனி. எக்ஸ்பிரஸ் சாலை, பொன்னேரிச் சாலைல ஒரு பகுதி, மணலி ஆயில் ரிஃபைனரி சாலை, உள்வட்டச் சாலையோட வடக்குப் பகுதின்னு எல்லாம் சேர்த்து சுமார் 30 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 600 கோடி ரூபாய். கடலரிப்பு, கரையோரம் இருந்த குடும்பங்களுக்கு மாற்று வீடுன்னு இழுத்து இழுத்து, வேலை ஆரம்பிக்கவே 2011 ஆயிடுச்சு.

நியாயமா பேசணும். ரோடு நல்லாவே ஆச்சு. முன்னாடி பள்ளத்துக்கு நடுவுல ரோட்டைத் தேடுவோம். இப்ப அகலம் இருக்கு, சென்டர் மீடியன் இருக்கு, லைட் இருக்கு. நேருக்கு நேர் மோதற பயம் குறைஞ்சிருக்கு. இதைப் பண்ணவங்களுக்கு ஒரு கும்பிடு. 2021 டிசம்பர்ல தமிழக அரசு கொண்டு வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் நல்ல விஷயம். விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை. 2010ல அது இருந்திருந்தா அம்மாவோட கம்மல் அடகுக்குப் போயிருக்காது.

ஆனா ஒரு கேள்வி. இந்தப் பாதுகாப்பெல்லாம் யாரு கண்ணாடி வழியா பார்த்து செஞ்சது? லாரியோட முன்கண்ணாடி வழியாத்தான். வண்டி வண்டியோட மோதாம இருக்க என்ன வேணுமோ அது செஞ்சாச்சு. குறுக்க நடக்கறவங்க, சைக்கிள்காரங்க, தலைல மீன் கூடையோட கடக்கற ஆயா, இவங்க அந்தக் கண்ணாடில தெரியவே இல்ல.

மத்திய அரசு கணக்குப்படியே 2022ல இந்தியா முழுக்க சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 17,884. மொத்தத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் சும்மா நடந்து போனவங்க. டூ வீலர்காரங்களையும் சேர்த்தா பாதிக்கு மேல தாண்டிடும். அப்ப ரோட்டுப் பாதுகாப்புன்னா முதல்ல யாரைப் பத்தி யோசிக்கணும்?

இப்ப அந்த 'ஓரமா போ' மேட்டருக்கு வர்றேன். பத்தாங்கிளாஸ் பைதாகரஸ் போதும், பயப்படாதீங்க.

டிரெய்லர் திரும்பறப்ப முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் போகாது. உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். 40 அடி கன்டெய்னர்னா 12 மீட்டருக்கு மேல நீளம். டிரெய்லரோட கொக்கிலேர்ந்து பின் அச்சு வரைக்கும் ஒரு 8 மீட்டர்னு வச்சுக்குவோம். கொக்கி 13 மீட்டர் ஆரத்துல சுத்துதுன்னா, பின் அச்சு சுத்தற ஆரம் 169லேர்ந்து 64 போக வர்ற 105க்கு வர்க்கமூலம். அதாவது 10.25 மீட்டர். வித்தியாசம் 2.75 மீட்டர். முழு வட்டம் அடிச்சா வர்ற கணக்கு இது, ஒரு தெருமுனைத் திருப்பத்துல கொஞ்சம் குறையும். இருந்தாலும் ஒரு சைக்கிளும் அதுல உக்கார்ந்த மனுஷனும் முழுசா அடங்கற அகலம். அந்த இடம் எங்க இருக்கு? சரியா இடது ஓரத்துல. டிரைவரோட கண்ணாடில தெரியாத ஓரத்துல.

ஆக, நம்ம அம்மா அப்பா எல்லாரும் காலங்காலமா சொல்லிக் குடுத்த புத்திமதி, நேர் ரோட்டுல சரி. திரும்பற டிரெய்லர் பக்கத்துல அதுவே எமன். அப்பா ஓரமா போனார். அதனாலதான் அடிபட்டார்.

இன்னொரு கூத்து, அந்த ஓரமும் நிஜத்துல இல்ல. துறைமுகத்துக்குள்ள போகக் காத்திருக்கற லாரிங்க கிலோமீட்டர் கணக்கா இடது பக்கம் வரிசை கட்டினா, சைக்கிள்காரன் நடு ரோட்டுக்கு வரணும். வரிசை முடிஞ்சதும் திரும்ப ஓரத்துக்குப் போகணும். நின்ன லாரிகளுக்கு நடுவுலேர்ந்து திடீர்னு ஒரு பொண்ணு ரோட்டைக் கடக்க வருவா. வர்ற வண்டிக்கு அவ தெரிய மாட்டா, அவளுக்கும் வர்ற வண்டி தெரியாது.

டிரைவர்களைத் திட்டறது சுலபம். நான் திட்ட மாட்டேன். மணிக்கணக்கா கேட்டுக்காகக் காத்துக் கிடந்து, கழிப்பறைக்குக் கூட வழியில்லாம, அடுத்த டிரிப்பைப் பிடிச்சாதான் காசுன்னு ஓட்டற ஆளு. அவர் எவ்வளவு கவனமா இருந்தாலும் தெரியாத இடம் தெரியாதுதான். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் தப்பு சொன்னா, முதல் பதில் 'யூசர் எரர்', டிக்கெட்டை மூடு. அதே தப்பை நூறு யூசர் பண்ணினா அது டிசைன் கோளாறுன்னு ஒத்துக்கணும். எங்க ரோட்டுல 'யூசர் எரர்'னு மூடின டிக்கெட்டுகள் ரொம்ப அதிகம்.

சரி, என்ன பண்ணலாம்? வானத்தை வில்லா வளைக்கச் சொல்லல.

லண்டன்லயும் நம்மள மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓட்டறாங்க. அங்கயும் இடது பக்கம் திரும்பற லாரில சைக்கிள்காரங்க மாட்டிச் செத்தாங்க. 2015லேர்ந்து பக்கவாட்டுத் தடுப்பும் கூடுதல் கண்ணாடிகளும் இல்லாத லாரி ஊருக்குள்ள வர முடியாதுன்னாங்க. 2021 மார்ச்லேர்ந்து, 12 டன்னுக்கு மேல இருந்தா டிரைவர் சீட்லேர்ந்து வெளிய எவ்வளவு தெரியுதுன்னு ஸ்டார் குடுத்து, அதுக்கேத்த மாதிரி பெர்மிட். எங்க ஊர்ல இது இன்னும் சுலபம். எல்லா டிரெய்லரும் கடைசில ஒரே இடத்துக்குத்தான் போகுது, துறைமுக கேட்டுக்கு. பக்கவாட்டுத் தடுப்பு நம்ம மோட்டார் வாகன விதிகள்லயும் இருக்கு. தடுப்பும், இடது பக்கக் குவி கண்ணாடியும், பின்னாடி ஒளிரும் பட்டையும் இல்லாத வண்டிக்கு கேட் திறக்காதுன்னு ஒரு உத்தரவு போட்டா, ஊர் முழுக்க போலீஸ் நிக்க வேண்டிய அவசியமே இல்ல.

ரெண்டாவது, காத்திருக்கற லாரிக்கு ரோடு பார்க்கிங் கிடையாது. டிரைவருக்குத் தண்ணி, கழிப்பறை, படுக்க இடத்தோட தனி வளாகம், அங்கேர்ந்து டோக்கன் நம்பர்படி கேட்டுக்குக் கூப்பிடறது. ரயில் டிக்கெட்டை ஃபோன்ல வாங்கற காலத்துல இது பெரிய வித்தை இல்ல.

மூணாவது, குப்பத்து ஜனங்களும் ஸ்கூல் பசங்களும் நிஜமா கடக்கற இடங்கள்ல, தரையோட தரையா சிக்னலோட ஒரு கடக்கும் பாதை. "மேம்பாலம் கட்டலாமே"ன்னு சொல்றவங்க, தலைல இருபது கிலோ மீனோட நாப்பது படி ஏறி இறங்கிட்டு வந்து சொல்லட்டும்.

மதுரவாயல் பறக்கும் சாலை வந்தா எல்லாம் சரியாயிடும்னு ஒரு கட்சி இருக்கு. 2009ல அடிக்கல், 2012ல நிறுத்தம், 2022 மே மாசம் திரும்ப அடிக்கல். வரட்டும், சந்தோஷம். ஆனா அது மேற்கே போற பாதை. மணலிக்கும் மீஞ்சூருக்கும் போற வண்டி எங்க வாசல் வழியாத்தான் போகும். நான் மேல சொன்ன மூணுக்கும் அடிக்கல்லே தேவையில்ல.

அப்பா இப்ப ரிட்டயர்டு. சைக்கிளை விக்கல, மாடிப்படிக்குக் கீழ நிக்குது. போன வார சம்பவத்தைச் சொல்லி, பைதாகரஸ் கணக்கையும் ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதைத்தாண்டா நான் அப்பவே சொன்னேன்"னார். அவ்வளவுதான்.

உங்க வீட்டுல சைக்கிள் ஓட்டற பசங்க இருந்தா இன்னிக்கு ராத்திரி ஒண்ணு சொல்லுங்க: பெரிய வண்டி திரும்பற மாதிரி தெரிஞ்சா, அதோட இடது பக்கம் போகாதே, பின்னாடியே நில்லு. ரோட்டைச் சரி பண்ணறவங்க பண்ணற வரைக்கும் நம்ம கைல இருக்கறது அது ஒண்ணுதான்.

டிஸ்கி: சிவில் இன்ஜினியர் பதிவர்கள் யாராவது என் கணக்குல ஓட்டை கண்டுபிடிச்சா பின்னூட்டத்துல தாராளமா கும்முங்க, திருத்திக்கறேன். "நீங்க ஓரமா போயிருக்கலாமே"ங்கற பின்னூட்டம் மட்டும் வேணாம், ப்ளீஸ்.