அழகு ஏரிகள்! அடியில் ஒரு தண்ணீர்த் தகராறு!

இத்தாலி நாட்டின் மிகப் பெரிய ஆறு போ.

2022-ம் ஆண்டு கோடையில் அந்த ஆறு வற்றியது. எங்கு பார்த்தாலும் மணல் திட்டு. ஜூலை மாதத்தில் மந்துவா என்ற ஊருக்குப் பக்கத்தில் மீனவர்கள் ஒரு பொருளைக் கண்டார்கள். அது ஒரு வெடிகுண்டு! இரண்டாவது உலகப்போர் காலத்துக் குண்டு. எடை 450 கிலோ.

70 ஆண்டுகளுக்கு மேல் தண்ணீர் மறைத்து வைத்திருந்த குண்டு அது. சுமார் 3 ஆயிரம் பேரை வீடுகளில் இருந்து வெளியேற்றினார்கள். ஆகஸ்டு 7-ந் தேதி, ராணுவத்தினர் அதை வெடிக்கச் செய்து அழித்தார்கள்.

குண்டு போய்விட்டது. தண்ணீர்த் தகராறு போகவில்லை!

லொம்பார்டி

மந்துவா இருப்பது லொம்பார்டி மாநிலத்தில். இது வடக்கு இத்தாலியில் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 1 கோடி. தலைநகர் மிலான்.

இந்த மாநிலத்துக்கு வடக்கே ஆல்ப்ஸ் மலை. மலை அடிவாரத்தில் பெரிய பெரிய ஏரிகள். அதற்குத் தெற்கே, போ ஆறு வரை சமவெளி.

கோமோ ஏரியை சினிமாவில் பலர் பார்த்திருப்பார்கள். மலைகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும். ஆழம் 1,300 அடிக்கு மேல்! கரை ஓரத்தில் பணக்காரர்களின் மாளிகைகள். கார்டா ஏரி இதைவிடப் பெரியது. இத்தாலியிலேயே பெரிய ஏரி அதுதான்.

மிலான் நகரில், இயேசுநாதரின் கடைசி இராப்போஜனத்தை லியனார்டோ டா வின்சி வரைந்த சுவர் இருக்கிறது. 1943-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்தக் கட்டிடத்தின் மேல் குண்டு விழுந்தது. கூரை போயிற்று. மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்ததால், படம் இருந்த சுவர் தப்பியது!

மலை, ஏரி, ஓவியம், சாப்பாடு. பிரயாணிகள் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால், இவற்றை எல்லாம் சேர்த்துக் கட்டி இருப்பது தண்ணீர்தான்.

மிலானின் பெரிய மாதா கோவிலை 1386-ல் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு வேண்டிய பளிங்குக் கல் மலையில் இருந்து படகில் வந்தது. படகு வந்த பெரிய கால்வாயை வெட்டத் தொடங்கியது 1177-ல்! அந்தக் கால்வாய் இன்னும் இருக்கிறது. வயலுக்கும் தண்ணீர் கொடுக்கிறது.

ஏரிக்கு மதகு

குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் பனி விழும். வெயில் வந்ததும் அது உருகும். உருகிய தண்ணீர் ஏரிக்கு வரும். ஏரியில் இருந்து ஆறு புறப்படும். கோமோ ஏரியில் இருந்து அத்தா ஆறு. கார்டாவில் இருந்து மிஞ்சோ ஆறு. மஜோரே ஏரியில் இருந்து திச்சினோ ஆறு. எல்லாம் கடைசியில் போ ஆற்றில் சேரும்.

இந்த ஏரிகள் இயற்கை ஏரிகள். ஆனால், ஆறு புறப்படும் இடத்தில் மனிதன் மதகு போட்டிருக்கிறான். கோமோ ஏரிக்கான மதகு 1946-ல் கட்டி முடிந்தது. அதை மூடினால் ஏரி உயரும். திறந்தால் வயலுக்குத் தண்ணீர் போகும்.

கோமோ ஏரியின் நீர்மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால், எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 145 கோடி லிட்டர்! ஒரு விரல் பருமன் தண்ணீருக்காக இத்தனை சண்டை ஏன் என்பது இப்போது விளங்கும்.

அங்கேயும் நெல்!

இத்தாலிக்காரர்கள் கோதுமை மட்டும்தான் சாப்பிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் நெல் அதிகம் விளைவது இத்தாலியில்தான். அதிலும், லொம்பார்டியும் பக்கத்து மாநிலமான பியமோந்தும்தான் பெரும் பகுதியை விளைவிக்கின்றன.

500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு நெல் உண்டு. 1475-ல் மிலான் பிரபு, பெராரா பிரபுவுக்கு 12 மூட்டை விதை நெல் அனுப்ப எழுதிய கடிதம் இருக்கிறது.

மிலானில் 'ரிசோத்தோ' என்று ஒரு சாப்பாடு. அரிசியை வெண்ணெயில் வதக்குவார்கள். கொதிக்கும் எலும்புச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுவார்கள். குங்குமப்பூ போடுவார்கள். கடைசியில் பாலாடைக்கட்டி. நம் வீட்டுப் பொங்கல் போலக் குழைந்து, மஞ்சளாக இருக்கும்.

பாலாடைக்கட்டிக்கும் தண்ணீர் வேண்டும். மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் போடுகிறார்கள். அதற்கு ஆற்றுப் பாசனம். அந்த மாட்டுக் கொட்டகைகளில் பால் கறக்கும் வேலையில் நம் நாட்டு சீக்கியர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்! கிரெமோனா பக்கம், பெஸ்ஸினா என்ற சிற்றூரில் 2011-ல் பெரிய குருத்வாராவே திறந்திருக்கிறார்கள். லொம்பார்டியில் தண்ணீர் இல்லை என்றால், பஞ்சாபில் சில வீடுகளிலும் கவலைதான்.

பனி ஏமாற்றியது

2021 கடைசியில் தொடங்கிய குளிர்காலத்தில் பனி பாதிகூட விழவில்லை. பிறகு மழையும் இல்லை.

2022 ஜூன் மாதம் மிலான் நகரசபை அலங்கார நீரூற்றுகளை நிறுத்தியது. மிலான் பேராயர் விவசாய கிராமங்களில் மூன்று கோவில்களுக்குப் போய், தண்ணீர் வேண்டிப் பிரார்த்தனை செய்தார். ஜூலை 3-ந் தேதி, கிழக்கே உள்ள மர்மோலாதா மலையில் பனிப்பாறை இடிந்து 11 பேர் இறந்தார்கள். மறுநாள், இத்தாலி அரசு ஐந்து மாநிலங்களில் வறட்சி அவசர நிலையை அறிவித்தது. அதில் லொம்பார்டியும் ஒன்று.

அடுத்த ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கார்டா ஏரி மிகவும் இறங்கியது. கரையில் இருந்து ஒரு சின்னத் தீவுக்கு ஜனங்கள் நடந்தே போனார்கள்!

மூன்று பக்கமும் நியாயம்

தண்ணீர் யாருக்கு?

"பயிர் காய்கிறது. திறந்து விடுங்கள்" என்கிறார்கள் சமவெளி விவசாயிகள்.

"இறங்கினால் படகு கரைக்கு வராது. மீனும் போகும்" என்கிறார்கள் ஏரிக்கரைக்காரர்கள். கோமோ ஏரியில் அகோனே என்று ஒரு மீன். அதைக் கருவாடு போட்டு விற்கிறார்கள். அது கரை ஓரத்தில்தான் முட்டை இடும். திடீர் என்று நீர் இறங்கினால் முட்டை காய்ந்துவிடும். சரி, ஏரியை நிரப்பி வைக்கலாமா? அதுவும் ஆபத்து. பெரு மழை வந்தால் கோமோ நகரின் சதுக்கத்தில் தண்ணீர் புகும்!

மலை உச்சியில் மின்சாரக் கம்பெனிகளின் அணைகள். மின்சாரம் எப்போது தேவையோ, அப்போது திறப்பதுதான் அவர்களுக்கு லாபம். 2022-ல் மாநில அரசு பேசி, வயலுக்காகத் தண்ணீர் விட வைத்தது. லொமெல்லினா நெல் வட்டாரத்துக்கு அது போதவில்லை. பல வயல்கள் பாளமாக வெடித்தன.

வயல் குடித்தது எங்கே போகிறது?

"நெல்லுக்கு ஏன் இத்தனை தண்ணீர்? சிக்கனமாக விதைக்கக் கூடாதா?" என்று நகரத்தில் கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முன்பு ஏப்ரல் மாதமே வயலில் தண்ணீர் கட்டி, அதில் நெல் விதைத்தார்கள். இப்போது பலர் புழுதி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். காய்ந்த மண்ணில் இயந்திரத்தால் விதைத்துவிட்டு, ஜூன் மாதத்தில்தான் தண்ணீர் கட்டுகிறார்கள். வேலை குறைவு. செலவும் குறைவு.

இதில் ஒரு சங்கடம். ஏப்ரலில் வயலில் நின்ற தண்ணீர் வீண் ஆகவில்லை. மண்ணுக்குள் இறங்கியது. நிலத்தடி நீர் உயர்ந்தது. கோடையில் அதே தண்ணீர் கீழே உள்ள ஊர்களில் ஊற்றாக வந்து, கால்வாயில் சேர்ந்தது. மேல் வயல்காரர் விட்ட தண்ணீரைக் கீழ் வயல்காரர் மறுபடியும் எடுத்தார். வயலே ஒரு நீர்த்தேக்கமாக இருந்தது!

இப்போது வசந்தகாலத் தண்ணீர் கடலுக்குப் போகிறது. ஜூனில் நெல்லும் கேட்கிறது, மக்காச்சோளமும் கேட்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டினால் எந்த ஏரி தாங்கும்?

அறுவடை முடிந்த வயலில் குளிர்காலத்திலேயே தண்ணீர் விட்டு வைக்கும் முறையை இப்போது ஊக்குவிக்கிறார்கள். மதகுக்காகச் சண்டை போடுவதைவிட இது மேலான வழி. ஆனால், விவசாயிக்கு அதற்கான கூலி கிடைக்க வேண்டும். நிலத்தடி நீர் ஊருக்கே பொது. அதற்கு ஆகும் செலவை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா?

2024-ல் நல்ல மழை. ஏரிகள் நிரம்பின. சண்டையும் ஓய்ந்தது. ஆனால் மலையில் அடமெல்லோ பனிப்பாறை வருடா வருடம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. 2026 பிப்ரவரி குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்துக்காக லிவிஞ்ஞோ மலையில் புதிதாக ஒரு குளம் வெட்டினார்கள். எதற்கு? செயற்கைப் பனி செய்ய!

போகிறவர்களுக்கு

கடைசி இராப்போஜனப் படத்தைப் பார்க்க முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டும். 15 நிமிடம்தான் உள்ளே இருக்கலாம். கோமோவுக்கு மிலானில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரெயிலில் போய்விடலாம். கோடையில் கூட்டம் நெருக்கும்.

மே மாதம் போனால் இன்னொரு ரெயிலிலும் ஏறுங்கள். மிலானில் இருந்து மொர்தாரா போகும் ரெயில். சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம். பிரயாணிகள் கூட்டம் இருக்காது. இருபுறமும் நெல் வயல். தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி போலக் கிடக்கும். கொக்கு நிற்கும். பக்கத்து வயல் புழுதியாகக் கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால், தூரத்தில் மோந்தே ரோசா மலையின் பனி தெரியும்.