எங்கள் வீட்டுத் தராசு



நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் 14 வருடம் கொழுந்து எடுத்தவள் நான். நிறுவைக்கு நிற்கும்போது தராசின் இலக்கம் எங்கள் பக்கம் இருக்காது. கணக்கப்பிள்ளை சொல்வதுதான் கணக்கு. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது சரியா என்று யோசித்துக்கொண்டே லயத்துக்கு வருவேன். இப்போது பட்டிப்பொலவில் மகள் வீட்டில் இருக்கிறோம். இங்கே வந்த பிறகுதான், என் பக்கம் பார்த்து இலக்கம் காட்டும் தராசொன்று என் கைக்கு வந்தது.

அதை வாங்கியதற்குக் காரணம் என் வீட்டுக்காரருக்கு வந்த சீனி வருத்தம். “அளவாகச் சாப்பிடுங்கள்” என்று கிளினிக்கில் சொன்னார்கள். “இரண்டு ரொட்டிதானே சாப்பிடுகிறேன்” என்பார் அவர். ஒருநாள் மாவை நிறுத்துப் பார்த்தேன். ஒரு ரொட்டிக்கே 110 கிராம்! 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்து இருக்கிறது. இரண்டு ரொட்டிக்கு எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அவரும் இலக்கத்தைப் பார்த்தார், வாயே திறக்கவில்லை. இப்போது கிளினிக்கில் கேட்டுக்கொண்ட அளவில் மாவை எடுத்து, லீக்ஸும் கரட்டும் நறுக்கிப் போட்டுச் சுடுகிறேன். சுண்டால் அளந்தால் இது சரிவராது. அமத்தி அள்ளிய சுண்டும் தளர அள்ளிய சுண்டும் ஒரே நிறை அல்லவே!

வாங்கும்போது பார்க்கவேண்டியவை: வீட்டுக்கு 5 கிலோ வரை நிறுக்கும் தராசு போதும். ஒவ்வொரு கிராமாகக் காட்டவேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும் பற்றரி போடுவதாக இருப்பது நல்லது. பாத்திரம் வைத்தாலும் இலக்கம் மறையாதபடி தட்டு இருக்கவேண்டும்.

பாவிக்கும் முறை: ஆடாத, மட்டமான இடத்தில் வையுங்கள். வெறும் பாத்திரத்தை வைத்து ‘டேர்’ பொத்தானை அழுத்தினால் பூச்சியம் வரும். பிறகு மாவைப் போடுங்கள். உப்பு, ஈஸ்ட் போன்றவற்றைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் சில தராசுகள் கணக்கில் எடுக்காது. ஆகவே போத்தலோடு வைத்துப் பூச்சியமாக்கி, வெளியே அள்ளுங்கள். குறைந்த அளவு கழித்தல் குறியோடு தெரியும். தராசின் மேல் எதையும் அடுக்கி வைக்காதீர்கள்.

பட்டிப்பொல புகையிரத நிலையம் 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாட்டிலேயே உயரமான நிலையம் இதுதான். “இவ்வளவு உயரத்தில் நிறை குறையாதா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். குறையும்தான், ஆனால் கிலோவுக்கு அரைக் கிராம் அளவுதான். அது சமையலுக்குக் கணக்கே இல்லை. இங்கே பயப்படவேண்டியது பனி ஈரத்துக்குத்தான். துணியால் துடைத்து, மூடி வையுங்கள். சந்தேகம் வந்தால், முத்திரையுள்ள தராசில் நிறுத்து வாங்கிய ஒரு கிலோ பொருளை வைத்துப் பாருங்கள்.

வீட்டுத் தராசைக் காட்டிக் கடையில் சண்டை பிடிக்க முடியாது. வியாபாரத் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. முத்திரை எங்கே என்று கேளுங்கள். நிறை குறைந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

இன்னொன்று. என் தங்கை இன்னும் கொழுந்து எடுக்கிறாள். போன மாதம் வந்தபோது அவளுடைய வெறும் சாக்கைக் காய்ந்தபடி ஒருமுறையும் நனைந்தபடி ஒருமுறையும் நிறுத்து, கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். சாக்குக்கென்று எவ்வளவு கழிக்கிறார்கள், சாக்கு உண்மையில் எவ்வளவு என்று இனி அவளுக்குத் தெரியும். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேட்கலாம். உங்கள் வீட்டில் தராசு இருந்தால், உங்கள் சாக்கையும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், சகோதரிகளே.