புதுச்சேரியின் மஞ்சள் சுவர் தெரியும்… நீலத் துணி தெரியுமா?

உடுமலைப்பேட்டையில் இருந்து வீக்எண்டுக்குப் புதுச்சேரி போனால் ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் முன்னாடி ஒரு செல்ஃபி, பீச் ரோட்டில் ஒரு காபி. அவ்வளவுதான். ஆனா பிரெஞ்சுக்காரர்கள் 1674-ல் அங்கே காலூன்றியது முக்கியமாகத் துணிக்காக.

கப்பல் கரைக்கு வர முடியாது, தள்ளி நிற்கும். படகில்தான் சரக்கு ஏற்றணும். அப்படி ஏறியதில் முக்கியமானது 'கினே' என்ற அவுரிச் சாய நீலத் துணி. பிரான்ஸ் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போய், அங்கே பிசின் வாங்கக் காசு மாதிரியே புழங்கியது. அந்த வியாபாரத்தை நம்பித்தான் 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரியில் மில்கள் வந்தன.

நம்ம பெல்ட்டுக்கு முக்கியமான கதை அதற்கு அப்புறம்தான். 1936 ஜூலை 30-ல், போராடிய மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே 8 மணி நேர வேலை சட்டமானது. திருப்பூர் பக்கம் இன்னிக்கும் 'ஒன்றரை ஷிஃப்ட்' சாதாரண வார்த்தை!

ஒயிட் டவுனைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் கடலூர் ரோட்டில் 2020-ல் மூடிய ஏ.எஃப்.டி. மில்லையும் காட்டலாமே? டூரிஸ்ட் ஆட்டோ அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.