ரத்தம் கொடுக்கும் ஊருக்கு என்ன கிடைக்கும்?

கோட்டுச்சேரிமேட்டுக்கு நாளைக்கே ஒரு ஆய்வுக் குழு வந்து, "கொஞ்சம் ரத்தமும் சளியும் வேணும், வெளிநாட்டுக் கூட்டோட பெரிய ஆராய்ச்சி" என்று கேட்டால்? கடலுக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கிளினிக்கில் உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போச்சு. "இதுல எங்க ஊருக்கு என்ன?" என்று அவர் கேட்டால் அதில் தப்பே இல்லை.

இதற்கு உருப்படியான பதில் கிடைத்தது நம்ம சென்னையில்தான். 1956-ல் ஐசிஎம்ஆர், உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு நான்கும் சேர்ந்து ஒரு காசநோய் மையம் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். அப்போது டிபி வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்பது நம்பிக்கை. ஆனால் படுக்கைகளோ மிகக் குறைவு.

193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம், நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே. இரு தரப்புக்கும் அதே மாத்திரைகள், ஒரு வருடம். 1959-ல் வந்த முடிவு: குணமானதில் பெரிய வித்தியாசமே இல்லை. வீட்டிலிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. டிபி சிகிச்சையை உலகமே வீட்டுக்கு மாற்றியது அதற்குப் பிறகுதான். ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் மாதிரியான ஏழைகளுக்குத்தான் பலனும் போனது. கூட்டாளி லண்டனில் இருந்தாலும் கேள்வி இந்த ஊருடையது. முக்கியமே அதுதான் என்பேன்.

ஜார்க்கண்டில் இதே நிறுவனமும் பங்கெடுத்த ரேஷன்ஸ் ஆய்வும் அப்படித்தான். நோயாளியின் குடும்பத்துக்கு அரிசி, பருப்பு கொடுத்ததில் வீட்டிலிருப்பவர்களுக்கு டிபி வருவது 39% குறைந்தது (2023). மருந்துக் கம்பெனிக்கு இதில் லாபம் ஏது?

2019-ம் ஆண்டின் மருத்துவப் பரிசோதனை விதிகள், ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரச் சொல்கின்றன. நல்லது. ஆனால் அதெல்லாம் தனி நபருக்கு. முடிவை ஊருக்குத் திரும்ப வந்து சொல்ல வேண்டும், ஆய்வுக்காகப் போட்ட லேப் அங்கேயே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் நாமே கேட்டு வாங்கினால்தான் உண்டு.

காரைக்காலிலேயே 2016 முதல் ஜிப்மர் கிளை இருக்கிறது. அடுத்த ஆய்வுக்கான கேள்வியை மீனவப் பஞ்சாயத்தாரிடம் கேட்டே தொடங்கலாமே.