கடை யாருடையது? கல்லாப் பெட்டி யாருடையது?

சமூக வலைத்தளங்களில் ஏகபோகம் ஒழியப் போகிறது என்று சிலர் முரசறைகிறார்கள். "இனி ஒரே முதலாளியின் ஒரே சர்வர் இல்லை. ஆயிரம் பேர் ஆயிரம் சர்வர் நடத்துவார்கள். யாரும் யாருக்கும் வாய்ப்பூட்டுப் போட முடியாது" என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆயிரம் சர்வர்களுக்கும் மின்சாரக் கட்டணம் கட்டுவது யார்? இதைக் கேட்டால் மட்டும் முரசு நின்றுவிடுகிறது!

விஷயம் அற்பமானதல்ல. பெரும்பாறையிலும் தாண்டிக்குடியிலும் காபித் தோட்டத் தொழிலாளியின் கூலிப் பிரச்னை, சங்கக் கூட்ட அறிவிப்பு, பஸ் வராத சேதி எல்லாம் இன்று வாட்ஸப்பில்தான் போகின்றன. அந்த வாட்ஸப், மெட்டா கம்பெனியின் சொத்து. 2024ல் அந்தக் கம்பெனியின் வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரப் பணம். விளம்பரக்காரனுக்கு விற்கப்படும் சரக்கு நம்முடைய கவனமும் நம்மைப் பற்றிய விவரமும்தான். மலையில் விளைந்த காபியை வாங்குகிற வியாபாரி விலையைக் குறைத்தாவது காசு கொடுக்கிறான். இவர்கள் அதுவும் கொடுப்பதில்லை.

வாய்ப்பூட்டு கற்பனையல்ல. 1936ல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் துறையில் கூட்டமே ஹிட்லருக்குக் கை நீட்டி நிற்க, ஒரு மனிதன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் வைத்திருந்ததற்காக, 2019ல் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. நாஜிகளை எதிர்த்த படம் அவர்களுக்கு வெறுப்புப் படமாம்! அந்த நவம்பரில்தான் நம் நாட்டில் ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடான் பக்கம் போனார்கள்.

மாஸ்டடானின் அமைப்பு தபாலாபீஸ் மாதிரி. பெரும்பாறையில் போட்ட கடிதம் பெர்லினுக்கும் போகும். இரண்டு ஊர் தபாலாபீசுக்கும் எஜமானன் ஒருவனாக இருக்க வேண்டியதில்லை, பொது விதி ஒன்று இருந்தால் போதும். அந்தப் பொது விதிதான் 2018ல் உலக இணையக் கூட்டமைப்பு அங்கீகரித்த ஆக்டிவிட்டிபப். நிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் சர்வர் வைக்கலாம். ஒரு சர்வர்க்காரன் அடாவடி செய்தால், நம்மைப் பின்தொடர்கிறவர்களோடு வேறு சர்வருக்குக் குடிபெயரலாம். (பழைய பதிவுகள் கூட வராது என்பது பெரிய குறை.) நல்ல ஏற்பாடு. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பணம்? மாஸ்டடானைத் தொடங்கிய ஜெர்மானியர் யூகன் ராச்கோ முதலீட்டாளர்களைத் திருப்பி அனுப்பினார்; நன்கொடையில் நடத்தினார். பாராட்டுகிறோம். அவருடைய ஸ்தாபனத்தின் லாப நோக்கற்ற அந்தஸ்தை 2024ல் ஜெர்மனியில் பறித்துக்கொண்டார்கள். ப்ளூஸ்கை வேறு வழியில் போயிற்று. பரவலாக்கம் என்ற கொடியோடு வந்து, 2024 அக்டோபரில் முதலீட்டுக் கம்பெனிகளிடம் ஒன்றரைக் கோடி டாலர் வாங்கியது. அதில் கணக்கு வைத்திருப்போரில் மிகப் பெரும்பாலோர் அந்த ஒரே கம்பெனியின் சர்வரில்தான் இருக்கிறார்கள். பணம் போட்டவன் தர்மத்துக்கா போட்டான்? மெட்டாவோ இன்னும் கெட்டிக்காரன். தன் த்ரெட்ஸ் தளத்தில் அதே ஆக்டிவிட்டிபப்பைச் சேர்த்துக்கொண்டு, 2025ல் அதே தளத்தில் விளம்பரக் கடையும் விரித்துவிட்டான். ஆயிரம் வாசல் வைத்தாலும் கல்லாப் பெட்டி ஒருவனிடம் இருந்தால் அது அவன் கடைதானே?

"சுதேசிச் செயலி வந்துவிட்டதே" என்பார்கள். 2025ல் சோஹோவின் 'அரட்டை'யை மத்திய மந்திரிகளே சிபாரிசு செய்தார்கள். மின்னஞ்சல் போல எல்லாச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஸ்ரீதர் வேம்புவும் சொன்னார். சரியான பேச்சு. ஆனால் முதலாளியின் நல்ல மனசை நம்பியா இருப்பது? ஐரோப்பாவில் சட்டம் போட்டார்கள். 2025 நவம்பரில் வாட்ஸப் அங்கே வேறு செயலிகளுக்குக் கதவைத் திறந்தது. டெல்லி சர்க்காருக்கு அப்படி ஒரு சட்டம் போட என்ன தடை?

காபி விளையும் மலையில் இருக்கும் நமக்கு இன்னொரு வரலாறு தெரியும். 1957ல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடித் தொழிலாளரைத் தெருவில் நிறுத்தியபோது, ஏ.கே. கோபாலன் முன்னின்று கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார். 1957ல் பெங்களூர், 1958ல் திருச்சூர். பரிமாறியவனே கடைக்குச் சொந்தக்காரன் ஆனான். இன்றும் கேரளத்தில் அந்தக் கடைகள் நடக்கின்றன. சர்வரையும் அப்படி நடத்த முடியும். சோஷியல் கோஆப் என்ற மாஸ்டடான் சர்வரை 2017 முதல் உறுப்பினர்களே சந்தா கட்டி, ஓட்டுப் போட்டு நடத்துகிறார்கள். விளம்பரம் கிடையாது.

திண்டுக்கல் மாவட்டத் தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து ஒரு சர்வர் வைக்கட்டும். உறுப்பினருக்கு மாதம் ஐந்து ரூபாய் சந்தா. வரவு செலவை மாதாமாதம் அதே தளத்தில் எல்லோரும் பார்க்கப் போட வேண்டும். நிர்வகிக்கப் படித்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தே வேலை வாங்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம்.