ஆசிரியர் சம்பளப் போராட்டமும் பெற்றாரின் மனநிலையும்

ஆசிரியர்கள் சம்பளக் கோரிக்கையை முன்வைத்துப் பணிப்புறக்கணிப்பில் இறங்கும் போதெல்லாம், எந்த அரசாங்கமாயினும் முதலில் நம்புவது பெற்றாரின் கோபத்தையே. பிள்ளைகள் இரண்டு வாரங்கள் வீட்டில் முடங்கினால் பெற்றார் பொறுமையிழந்து ஆசிரியர்களைத் திட்டத் தொடங்குவர், தொழிற்சங்கங்கள் தாமாகவே இறங்கி வரும் என்பது ஆட்சியாளர்களின் நீண்டகாலக் கணிப்பாகும். 2021 ஆம் ஆண்டில் இக்கணிப்பு பொய்த்துப் போனது. ஆனால், 2024 இல் ஆசிரியர்கள் மீண்டும் வீதிக்கு வந்தபோது மக்களின் மனநிலை அதேபோன்று இருக்கவில்லை. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை ஆசிரியர் சங்கங்களும் சரி, அரசாங்கமும் சரி உரிய கவனத்துடன் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

பிரச்சினையின் வேர் பழையது. 1994 இல் இலங்கை ஆசிரியர் சேவை உருவாக்கப்பட்டது. அதன் பின்னர், 1997 இல் பி.சி. பெரேரா சம்பள ஆணைக்குழுவின் சிபாரிசுகள் நடைமுறைக்கு வந்தபோது, தம்மோடு சமநிலையில் இருந்த ஏனைய அரச சேவையினரைவிடத் தாம் பின்தள்ளப்பட்டதாக ஆசிரியர்களும் அதிபர்களும் முறையிட்டனர். அந்த முறைப்பாட்டை அதன் பின்னர் வந்த அரசாங்கங்கள் எவையும் அடிப்படையற்றது எனத் தள்ளிவிடவில்லை. நியாயமானது என்று ஏற்றுக்கொண்டு, பணமில்லை என்று கூறி ஒத்திவைத்தன. இருபத்து நான்கு வருடங்கள் இவ்வாறே கழிந்தன.

2021 ஜூலை 12 ஆம் திகதி ஆசிரியர், அதிபர் தொழிற்சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிக்கொண்டன. அதற்குச் சில நாட்கள் முன்னதாக, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக நாடாளுமன்றத்தின் அருகே நடைபெற்ற ஆர்ப்பாட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைதுசெய்யப்பட்டனர். நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும், தனிமைப்படுத்தல் என்ற பெயரில் அவர்கள் முல்லைத்தீவு, கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். (தமது காணிகளுக்காகக் கேப்பாப்பிலவு மக்கள் நடத்திய போராட்டத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயரின் பொருள் வேறு. தென்னிலங்கைத் தொழிற்சங்கவாதிகள் பலருக்கு அந்த இடம் அன்றுதான் அறிமுகமாகியிருக்கும்.) சம்பளப் பிரச்சினையாகத் தொடங்கியிருக்க வேண்டியது இக்கைதுகளினால் உரிமைப் பிரச்சினையாகவும் மாறியது. ஆசிரியர்களுக்குப் பொதுமக்களின் ஆதரவைத் தேடிக் கொடுத்ததில் அன்றைய அரசாங்கத்தின் பங்கு சிறிதல்ல.

எனினும், பெற்றார் ஆசிரியர்களுக்கு எதிராகத் திரும்பாமைக்கு இதனை மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. 2020 மார்ச் முதல் பாடசாலைகள் மூடப்பட்டும் திறக்கப்பட்டும் இருந்த காலத்தில், ஆசிரியரின் வேலை முதற்தடவையாக வீட்டுக்குள் வந்தது. தமது கைத்தொலைபேசியில், தமது பணத்தில் டேட்டா போட்டு, இரவு பத்து மணிக்கும் பிள்ளைகளின் பயிற்சிகளை வட்ஸ்அப்பில் திருத்தி அனுப்பிய ஆசிரியர்களைப் பெற்றார் கண்ணால் கண்டனர். ஆசிரியருக்கு அரைநாள் வேலையும் நீண்ட விடுமுறையும் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கதை அந்தச் சிறிய திரையில் எடுபடவில்லை. செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிய இரு மாதங்களுக்கு மாத்திரம் 5,000 ரூபா வழங்குவதாக அரசாங்கம் கூறியதைச் சங்கங்கள் நிராகரித்தபோதும் பெற்றாரிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஏறத்தாழ மூன்றரை மாதங்கள் நீடித்த அப்புறக்கணிப்பு ஒக்டோபர் 25 ஆம் திகதி ஆசிரியர்கள் பாடசாலைக்குத் திரும்பியதுடன் முடிவுக்கு வந்தது.

பொதுமக்களின் கருத்து எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதை உணர 1980 ஜூலையை நினைவுகூர வேண்டும். மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கோரி நடத்தப்பட்ட பொது வேலைநிறுத்தத்தை ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் ஒரேயடியாக நசுக்கியது. ஏறக்குறைய 40,000 ஊழியர்கள் வேலையிழந்தனர். அன்று நாடு அதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2021 இல் எந்த அமைச்சரும் அந்த வழியில் செல்லத் துணியவில்லை என்றால், பெற்றார் அதை அனுமதித்திருக்கமாட்டார்கள் என்பதே அதற்குப் பிரதான காரணமாகும்.

ஆனால், பெற்றார் என்று பொதுவாகச் சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? அந்த மூன்றரை மாதங்களில் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாண நகரிலும் வசதியுள்ள பிள்ளைகளின் கல்வி முற்றாக நின்றுவிடவில்லை. பாடசாலை வகுப்பு நின்றது, ஸூம் வழியாக ரியூசன் வகுப்பு தொடர்ந்தது. சில இடங்களில் இரண்டையும் நடத்தியவர் ஒரே ஆசிரியர் என்பது பெற்றார் அனைவரும் அறிந்த, ஆனால் எவரும் உரக்கப் பேசாத விடயம். சங்கங்களுக்கு இது கசப்பான பேச்சாக இருக்கலாம். ஆயினும், ஆசிரியர்கள் மீதான பொதுமக்களின் அனுதாபத்தில் முதற் கீறல் விழுந்தது இவ்விடத்தில்தான். போதிய சம்பளம் இல்லாததனால்தான் மாலை வகுப்பு நடத்துகிறோம் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்த மாலை வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பெற்றாருக்கு அந்த உண்மையினால் ஆவது ஒன்றுமில்லை.

நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களிலும் வன்னியின் உட்கிராமங்களிலும் முசலியிலும் மூதூரிலும் நிலைமை இதனினும் வேறு. சமிக்ஞை கிடைக்காத, கைத்தொலைபேசியே இல்லாத வீடுகளில் இணையவழிக் கல்வி தொடங்கவேயில்லை. ஆகவே அது நிறுத்தப்பட்டதும் அவர்களுக்குத் தெரியவில்லை. பொதுமக்களின் ஆதரவு என்று அன்று நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் பேசப்பட்டதில் இந்தப் பெற்றாரின் குரல் இருக்கவில்லை. அவர்கள் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. அவர்களிடம் எவரும் கேட்கவும் இல்லை. 2021 ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்திலேயே நடைபெற்றது என்பதை நோக்கினால், அந்தத் தலைமுறை இழந்த காலத்தின் அளவு புரியும். இந்த இழப்புக்குப் பெருந்தொற்றே பிரதான காரணம். பணிப்புறக்கணிப்பு அதன் மேல் ஏறிய சுமை.

அதே தோட்டப் பாடசாலைகளில், ஆசிரியர் உதவியாளர்கள் என்ற பெயரில் நியமிக்கப்பட்ட இளைஞர் யுவதிகள் மாதம் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா என்ற கொடுப்பனவில் வருடக்கணக்கில் முழுநேர ஆசிரியர்களின் வேலையைச் செய்தனர். சம்பள முரண்பாடு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. ஆனாலும் அது மலையகத்தின் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது, தேசியப் பிரச்சினையாகப் பார்க்கப்படவில்லை.

போராட்டத்தின் பலன் என்ன? சுபோதினி குழுவின் சிபாரிசுகளில் மூன்றிலொரு பங்கை நிறைவேற்றுவதற்கு 2021 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் 3,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. 2022 ஜனவரி முதல் அதிகரிப்பு கைக்கு வந்தது. அதே ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. இருபத்து நான்கு வருடங்கள் காத்திருந்து பெற்ற உயர்வை ஒன்பது மாத விலைவாசி விழுங்கிவிட்டது. எஞ்சிய மூன்றிலிரண்டு பங்கு காகிதத்திலேயே இருந்தது.

அதைக் கேட்டுத்தான் 2024 ஜூன் 26 ஆம் திகதி ஆசிரியர்களும் அதிபர்களும் சுகவீன விடுமுறை அறிவித்துவிட்டுக் கொழும்பில் திரண்டனர். அவர்கள் மீது பொலிஸார் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் பிரயோகித்தனர். வெள்ளை உடை அணிந்த ஆசிரியைகள் கண்களைக் கசக்கிக்கொண்டு ஓடிய காட்சி மக்களை முகஞ்சுளிக்க வைத்தது உண்மை. ஆயினும் 2021 இன் உறுதியான ஆதரவு அங்கு இருக்கவில்லை. அதற்குள் பெற்றாரின் நிலையும் மாறிவிட்டிருந்தது. அப்பியாசக் கொப்பியின் விலையும் சப்பாத்தின் விலையும் பன்மடங்காகியிருந்தன. தனியார் துறை ஊழியருக்கும் நாட்கூலிக்காரருக்கும் தமக்காகக் குரல் கொடுக்கத் தொழிற்சங்கம் இல்லை. பெருந்தோட்டத் தொழிலாளர்கள் 1,700 ரூபா நாட்சம்பளத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த வேளை அது. வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அந்தத் தொகையும் நீதிமன்றத் தடையில் சிக்கியது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவர் குறை கூறுகையில், நாட்சம்பளம் பெறுபவர் தன் நிலையை எண்ணிப் பார்ப்பது இயல்பே. அதனைப் பொறாமை என்று ஒதுக்குவது தவறு.

2024 இன் பிற்பகுதியில் ஆட்சி மாறியபோது நிலைமையில் ஒரு விசித்திரம் சேர்ந்தது. 2021 போராட்டத்தின் முன்னணியில் நின்ற இலங்கை ஆசிரியர் சேவைச் சங்கத்தின் பொதுச் செயலாளர் மஹிந்த ஜயசிங்க தொழில் பிரதியமைச்சரானார். பல்கலைக்கழக விரிவுரையாளராகக் கல்விக்கான அரச நிதிக்காகக் குரல்கொடுத்த ஹரிணி அமரசூரிய பிரதமர் பதவியுடன் கல்வி அமைச்சையும் பொறுப்பேற்றார். 2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தி, 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று கட்டங்களில் வழங்குவதாக அறிவித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அனைவரையும் ஒருமிக்க உயர்த்துவது ஒன்று, ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான பழைய இடைவெளியை நிரப்புவது வேறொன்று. ஆசிரியர்கள் 1997 முதல் கேட்டு வருவது இரண்டாவதையே.

சங்கங்கள் மீண்டும் பணிப்புறக்கணிப்பை ஆயுதமாக எடுக்குமாயின், கடந்த கால ஆதரவு தாமாகவே கிடைக்கும் என எதிர்பார்க்கக் கூடாது. தமது பாடசாலை மாணவரிடமே பணம் பெற்று வகுப்பு நடத்துவதை மேல் மாகாணம் சுற்றறிக்கை மூலம் தடுக்க முனைந்தது. இவ்விடயத்தில் சங்கங்கள் தாமே முன்வந்து தெளிவான நிலைப்பாட்டை அறிவிப்பது அவற்றின் கோரிக்கையை வலுப்படுத்துமேயன்றிப் பலவீனப்படுத்தாது. அவ்வாறே, இழக்கப்படும் பாடவேளைகளை இருநூறுக்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட சிறிய பாடசாலைகளில் எவ்வாறு ஈடுசெய்வது என்ற திட்டத்துடன் பெற்றார் முன் செல்ல வேண்டும். அதற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கு இதுவரை நிதி சேகரிப்பதைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது.

அரசாங்கத்தின் பக்கத்திலோ கேள்வி மிகவும் சுருக்கமானது. சுபோதினி அறிக்கையின் எஞ்சிய பகுதி ஏற்கப்படுகிறதா, நிராகரிக்கப்படுகிறதா? ஏற்கப்படுகிறது என்றால் எந்த ஆண்டில், எத்தனை கட்டங்களில்? நேற்று வீதியில் நின்று இதே கேள்வியைக் கேட்டவர்கள் ஆட்சிப் பொறுப்புக்கு வந்துள்ளதால், 2027 ஜனவரியின் மூன்றாம் கட்ட உயர்வு முடியும்வரை அதன் பதிலைத் தள்ளிப்போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.